அசைலம் கேஸ் முடியல, யூனிவர்சிட்டி போலாமா? பிரிட்டன்ல சாங்சுவரி ஸ்காலர்ஷிப் எப்படி ஓடுது

பிரிட்டன்ல ஏ-லெவல் ரிசல்ட் வந்த கையோட தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு கேள்வி வரும். பொண்ணுக்கு நல்ல கிரேடு, ஆஃபரும் வந்தாச்சு, ஆனா வீட்டோட அசைலம் கேஸ், அதாவது அகதியா ஏத்துக்கச் சொல்லிப் போட்ட கேஸ், இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, யூனிவர்சிட்டி போக முடியுமா முடியாதா? பதில் போடறவங்கள்ல பாதி பேரு "விசா வராம முடியவே முடியாது"ம்பாங்க, மீதி பேரு "அதுக்குதான் ஸ்காலர்ஷிப் இருக்கே, ஒரு பைசா கட்டாம படிக்கலாம்"ம்பாங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் சரி, நிறைய தப்பு. ஏன்னா சாங்சுவரி ஸ்காலர்ஷிப்னு, அதாவது அகதிகளுக்கும் அசைலம் கேட்டவங்களுக்கும் யூனிவர்சிட்டிகள் குடுக்கற உதவின்னு சொன்ன உடனே எல்லாரும் ஃபீஸைப் பத்தி மட்டும்தான் பேசறாங்க, நான் பாத்த வரைக்கும் ஃபீஸ் தள்ளுபடிதான் இதுல சுலபமான பகுதி, அதைச் சுத்தி இருக்கற பஸ் காசு, வீடு, ஹோம் ஆபீஸ் (பிரிட்டன் உள்துறை) லெட்டர், இதுங்கதான் ஒருத்தர் டிகிரி முடிக்கறாரா இல்லையான்னு முடிவு பண்ணுது.

முதல்ல விலையைப் பாப்போம். இங்கிலாந்துல 2025-26ல ஹோம் ஃபீஸ், அதாவது உள்நாட்டு ஸ்டூடண்ட் கட்டற ரேட், வருஷத்துக்கு 9,535 பவுண்ட், இளநிலை கோர்ஸுக்கு அதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு அரசாங்கமே வரம்பு வச்சிருக்கு. வெளிநாட்டு ஸ்டூடண்ட் கட்டற ஓவர்சீஸ் ஃபீஸுக்கு அப்படி எந்த வரம்பும் இல்ல, யூனிவர்சிட்டி சொல்றதுதான் ரேட், ஆர்ட்ஸ் கோர்ஸே நிறைய இடத்துல 20,000 தாண்டிடும், சயன்ஸ், இன்ஜினியரிங்னா இன்னும் ஏறும், மெடிசின் பக்கம் போகவே வேண்டாம். அகதின்னு அங்கீகாரம் கிடைச்சவங்களுக்கு ஹோம் ஃபீஸ், ஸ்டூடண்ட் லோனும் உண்டு, மத்தவங்களுக்கு இருக்கற மாதிரி மூணு வருஷம் இங்க இருந்திருக்கணும்ங்கற கண்டிஷன் கூட அவங்களுக்குக் கிடையாது. கேஸ் போட்டுட்டு முடிவுக்குக் காத்திருக்கறவங்க கதை நேர் எதிர், பொதுவா அவங்கள ஓவர்சீஸ் கணக்குலதான் வைப்பாங்க, லோனும் கிடையாது. ஆறு வயசுல வந்து இங்கயே ஸ்கூல் படிச்ச பிள்ளையா இருந்தாலும், 18 வயசு வரைக்கும் அரசாங்க ஸ்கூல்ல காசு கட்டாம படிச்சிருந்தாலும், கேஸ் முடியலன்னா யூனிவர்சிட்டி வாசல்ல வந்து நிக்கும்போது அது பேப்பர்ல வெளிநாட்டு ஸ்டூடண்ட். (ஸ்காட்லாந்து, வேல்ஸ் ரூல் வேற, நான் இங்க இங்கிலாந்தைப் பத்திதான் சொல்றேன்.)

சரி, வேலை பாத்து கட்டலாமேன்னு கேப்பீங்க. கேஸ் போட்டு 12 மாசம் முடிவு வராம இருந்தாதான் வேலை செய்ய பெர்மிஷன் கேக்கவே முடியும், கிடைச்சாலும் அரசாங்கம் வச்சிருக்கற லிஸ்ட்ல இருக்கற வேலை மட்டும்தான், கடையில கல்லாவுல நிக்கறது எல்லாம் அந்த லிஸ்ட்ல வராது. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் ஹோம் ஆபீஸ் குடுக்கற சப்போர்ட் ஒரு ஆளுக்கு வாரம் 49.18 பவுண்ட், சாப்பாடு போடற ஹோட்டல்ல வச்சிருந்தா 10 பவுண்ட் கூட முழுசா வராது. வருஷக் கணக்கு போட்டா 2,557 பவுண்ட். பச்சத் தண்ணி குடிச்சிட்டு எல்லாத்தையும் சேத்து வச்சாலும் ஹோம் ஃபீஸ்ல கால்வாசிதான் தேறும். அதனாலதான் "ஓவர்சீஸ் ஃபீஸை ஹோம் ஃபீஸா மாத்திட்டோம்"னு சில யூனிவர்சிட்டி பெருமையா சொல்றப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கும், லோன் எடுக்க முடியாதவனுக்கு 25,000 ஆனா என்ன, 9,535 ஆனா என்ன.

இந்த ஓவர்சீஸ் ஃபீஸ் எப்படி வந்துச்சுன்னு பாத்தா விஷயம் இன்னும் புரியும். 1967 வரைக்கும் பிரிட்டன்ல எல்லாருக்கும் ஒரே ஃபீஸ்தான், அப்ப கல்வி அமைச்சரா இருந்த ஆன்டனி கிராஸ்லேண்ட் காலத்துலதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குன்னு தனி ரேட் வந்துச்சு, 70 பவுண்ட் இருந்த இடத்துல 250. அப்பறம் தாட்சர் அரசாங்கம் வந்து 1980ல இருந்து புதுசா சேர்ற வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் முழுச் செலவையும் கட்டணும்னு ஆக்கிட்டாங்க. ரெண்டு தடவையும் அவங்க மனசுல இருந்தது ஊர்ல இருந்து ஃபிளைட் ஏறி வந்து, படிச்சு முடிச்சு, திரும்பிப் போற ஸ்டூடண்ட். திரும்பிப் போக முடியாம கேஸ் போட்டு உக்காந்திருக்கறவங்களுக்குன்னு ஒரு டப்பா யாரும் செய்யல, அதனால அவங்களும் அதே டப்பாவுக்குள்ள விழுந்துட்டாங்க.

அதுக்காக அகதிகளைப் படிக்க வைக்கற பழக்கமே இந்த நாட்டுல இல்லன்னு சொல்லிட முடியாது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933லயே, ஜெர்மனில வேலைய விட்டுத் துரத்தின பேராசிரியர்களுக்கு உதவ வில்லியம் பெவரிட்ஜ் ஒரு கவுன்சில் ஆரம்பிச்சாரு, அதுதான் இன்னிக்கு காரான்னு ஓடிட்டு இருக்கு. ஆனா எனக்கு முக்கியமா படறது சிலி கதை. 1973ல பினோசே ராணுவப் புரட்சி பண்ணினப்ப சிலில இருந்து தப்பிச்சு வந்த ஸ்டூடண்ட்ஸ், லெக்சரர்ஸுக்கு வேர்ல்ட் யூனிவர்சிட்டி சர்வீஸ்ங்கற அமைப்பு மூலமா 1974ல இருந்து 1986 வரைக்கும் சுமார் 900 ஸ்காலர்ஷிப் போச்சு, அதுக்குக் காசு வந்தது பிரிட்டிஷ் அரசாங்கத்தோட வெளிநாட்டு உதவி நிதில இருந்து. அதாவது அப்ப அரசாங்கமே குடுத்துச்சு. இப்ப இருக்கற ஸ்காலர்ஷிப் எல்லாம் யூனிவர்சிட்டி, சாரிட்டி, பழைய ஸ்டூடண்ட்ஸ் குடுக்கற நன்கொடை, இதுல ஓடுது.

நம்ம ஆளுங்களும் இந்த வரலாற்றுல இருக்காங்க. 1983 கலவரத்துக்கு அப்பறம் இலங்கைல இருந்து வந்த தமிழர்கள்ல நிறைய பேருக்கு அகதி ஸ்டேட்டஸ் குடுக்காம எக்ஸெப்ஷனல் லீவ்னு ஒரு தற்காலிக அனுமதிதான் குடுத்தாங்க. இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனா அகதிக்குரிய உரிமை எல்லாம் அப்படியே வராது. இன்னிக்கு பெட்ரோல் ஷெட்லயும் கேஷ் அண்ட் கேரிலயும் வேலை பாத்து ரிட்டயர் ஆகப்போற அந்தத் தலைமுறைல எத்தனை பேரு ஊர்ல ஏ.எல். முடிச்சிட்டு கேம்பஸ் என்ட்ரன்ஸுக்குக் காத்திருந்தவங்கன்னு அவங்க கூட ஒரு டீ குடிச்சா தெரியும்.

இப்ப இருக்கற சாங்சுவரி ஸ்காலர்ஷிப் ஒரே ஆள் உக்காந்து போட்ட திட்டம் கிடையாது. 1994ல நாட்டிங்காம் யூனிவர்சிட்டில ஸ்டார்னு ஒரு ஸ்டூடண்ட் அமைப்பு ஆரம்பிச்சாங்க, அகதிகளுக்கும் மத்தவங்க மாதிரியே படிக்க வாய்ப்பு குடுன்னு கேம்பஸ் கேம்பஸா கேட்டு நின்னது முக்கியமா அவங்கதான். அப்பறம் ஹெலனா கென்னடி ஃபவுண்டேஷன்னு, காலேஜ்ல இருந்து யூனிவர்சிட்டி போற வசதியில்லாத பிள்ளைகளுக்கு பர்சரி (உதவித்தொகை) குடுக்கற ஒரு அமைப்பு, ஆர்டிகிள் 26னு ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு யூனிவர்சிட்டிகளை ஒவ்வொண்ணா ஒத்துக்க வச்சுது, மனித உரிமைப் பிரகடனத்துல கல்வி உரிமை சொல்ற 26வது பிரிவுதான் அந்தப் பேரு. இதுக்கு நடுவுல அகதிகளை வரவேற்கணும்னு 2005ல ஷெஃபீல்ட்ல ஆரம்பிச்ச சிட்டி ஆஃப் சாங்சுவரி இயக்கம் யூனிவர்சிட்டிகளுக்கும் ஒரு அங்கீகாரம் குடுக்க ஆரம்பிச்சுது. 2015ல சிரியா அகதிகள் நியூஸ் உலகத்தையே உலுக்கினப்ப நிறைய யூனிவர்சிட்டி இதுல சேந்துச்சு. யார்க், சோவாஸ், பர்க்பெக்னு பல இடத்துல ஏதோ ஒரு வடிவத்துல இது இருக்கு.

ஆனா ஒரு இடத்துக்கு எத்தனை சீட்டுன்னு பாத்தா பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிடலாம், அதுலயும் சிலது மாஸ்டர்ஸுக்கு மட்டும், சிலது அண்டர்கிராஜுவேட்டுக்கு மட்டும். சில இடத்துல மூணு வருஷத்துக்கும் சேத்து ஒருத்தருக்கே குடுப்பாங்க, அதனால அடுத்த வருஷம் புது சீட்டே இருக்காது. இன்னொரு விஷயம், விளம்பரத்துல "75,000 பவுண்ட் மதிப்புள்ள ஸ்காலர்ஷிப்"னு போட்டா அது அப்படியே காசா வெளிய போகுதுன்னு நினைச்சுக்காதீங்க. வருஷம் 25,000னு யூனிவர்சிட்டியே ஒரு ரேட் வச்சு, அதை வாங்காம விட்டு, மூணு வருஷத்துக்குப் பெருக்கி வர்ற நம்பர் அது. ஏற்கனவே 150 பேர் உக்காந்திருக்கற லெக்சர் ஹால்ல 151வது ஆளுக்கு ஆகற கூடுதல் செலவு அதுல ஒரு சின்ன பகுதிதான்னு என் எண்ணம். உண்மையாவே காசு போறது ஸ்டைபெண்ட் (கைச்செலவுக் காசு), ஹாஸ்டல், லேப்டாப், டிராவல், இதுலதான். அதனால ஸ்காலர்ஷிப் நல்லதா இல்லையான்னு பாக்கணும்னா ஃபீஸ் நம்பரை விட்டுட்டு அதுக்குக் கீழ இருக்கற வரிகளைப் படிக்கணும்.

இங்கதான் கேஸ் ஓடிட்டு இருக்கறவங்களுக்குன்னே ஒரு பெரிய சிக்கல் இருக்கு. ஹோம் ஆபீஸ் சப்போர்ட், செக்ஷன் 95ம்பாங்க, கையில காசு இல்லாதவங்களுக்கு மட்டும்தான் குடுக்கறது. யூனிவர்சிட்டி பாசத்தோட மாசம் 800 பவுண்ட் அக்கவுண்ட்ல போட்டா, அது வருமானம்னு கணக்காகி சப்போர்ட்டைக் குறைப்பாங்க, இல்ல மொத்தமா நிறுத்திடுவாங்க, அதோட வீடும் போகலாம். அதனால விவரம் தெரிஞ்ச யூனிவர்சிட்டி காசா குடுக்காம பொருளா குடுக்கும்: டிரெயின் பாஸ், புக்ஸ், லேப்டாப், கேன்டீன் கார்டு. விவரம் தெரியாத இடத்துல நல்லது பண்றேன்னு பேங்க்ல காசைப் போட்டுடுவாங்க, அப்பறம் அந்தப் பையன் ஹோம் ஆபீஸ் லெட்டரைத் தூக்கிட்டு லோயர் கிட்ட ஓடணும்.

வீட்டு விஷயம் இதை விட மோசம். அசைலம் கேட்டவங்க எந்த ஊர்ல இருக்கணும்னு முடிவு பண்றது ஹோம் ஆபீஸ், வாடகை கம்மியா இருக்கற ஊராப் பாத்து அனுப்புவாங்க. லண்டன்ல ஸ்காலர்ஷிப் கிடைச்சவர தூரமா வடக்குல இருக்கற ஸ்டாக்டன்லயோ ரோச்டேல்லயோ வச்சிருந்தா, "படிப்பு இருக்கு, லண்டன்ல வீடு குடு"ன்னு கேக்க முடியும், குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. வீட்டை விட்டுட்டு ஹாஸ்டல் போனா சப்போர்ட் போயிடும் ஆபத்து, ஹாஸ்டலும் வருஷம் 52 வாரம் திறந்திருக்காது, கிறிஸ்மஸ், சம்மர் லீவுல எங்க போறது? அதனால கேஸ் நடக்கறப்ப அப்ளை பண்றவங்க தாங்க இருக்கற ஊர்ல இருந்து பஸ்லயோ டிரெயின்லயோ ஒரு மணி நேரத்துல போய்ட்டு வரக்கூடிய இடத்தை முதல்ல பாக்கணும்னு சொல்லுவேன், பேரு பெரிய யூனிவர்சிட்டி எல்லாம் அப்பறம். சாயங்கால கிளாஸ் நடத்தற பர்க்பெக், வீட்ல இருந்தே படிக்கற ஓப்பன் யூனிவர்சிட்டி, இந்த ரெண்டுலயும் அகதிகளுக்குன்னு திட்டம் இருக்கு, நாளைக்கே வேற ஊருக்கு மாத்தினாலும் ஓப்பன் யூனிவர்சிட்டி படிப்பு கூடவே வரும்.

2018 ஜனவரில இன்னொரு கூத்து நடந்துச்சு. இமிக்ரேஷன் பெயில்னு, அதாவது விசா இல்லாதவங்கள அடைச்சு வைக்காம சில கண்டிஷனோட வெளிய இருக்க விடறதுக்கு, ஒரு புது முறை கொண்டு வந்தாங்க, அந்தப் பேப்பர்ல "படிக்கக்கூடாது"ன்னு ஒரு கண்டிஷனை டிக் பண்ற வசதி இருந்துச்சு, ஏற்கனவே ஸ்காலர்ஷிப்ல படிச்சிட்டு இருந்தவங்களுக்கும் பரீட்சைக்கு ரெடியாயிட்டு இருந்த பிள்ளைகளுக்கும் கூட அந்த லெட்டர் போக ஆரம்பிச்சுது. சாரிட்டிகளும் லோயர்களும் சண்டை போட்ட பிறகு அதே வருஷம் மே மாசம் ஹோம் ஆபீஸ் தன்னோட வழிகாட்டியை மாத்திக்கிச்சு, இப்ப அசைலம் முடிவுக்குக் காத்திருக்கறவங்களுக்கு சாதாரணமா அந்தக் கண்டிஷன் வராது. ஆனாலும் ஆஃபர் வாங்கறதுக்கு முன்னாடி பெயில் லெட்டரை எடுத்து, ஸ்டடின்னு இருக்கற வரில என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பாத்துடுங்க. தடைன்னு போட்டிருந்தா அது தவறுதலா இருக்கலாம், லோயர் மூலமா மாத்தச் சொல்லி எழுதலாம்.

அப்ளை பண்ற வேலைக்கு வருவோம். பெரும்பாலான இடத்துல முதல்ல கோர்ஸுக்கு ஆஃபர் வாங்கணும், அப்பறம்தான் ஸ்காலர்ஷிப் ஃபார்ம். கோர்ஸுக்கு யூகாஸ் (எல்லா யூனிவர்சிட்டிக்கும் பொதுவா அப்ளை பண்ற இடம்) டெட்லைன் ஜனவரில, ஸ்காலர்ஷிப் டெட்லைன் பல இடத்துல வசந்த காலத்துலயே முடிஞ்சிடும், ஆகஸ்ட்ல ரிசல்ட் வந்தப்பறம் தேட ஆரம்பிச்சா அந்த வருஷம் போச்சு. சர்டிஃபிகேட் ஊர்லயே விட்டுட்டு வந்தவங்க, எரிஞ்சு போனவங்க, வாங்கப் போனா கைது பண்ணுவாங்கன்னு பயப்படறவங்க, இவங்களுக்கு அட்மிஷன் ஆபீஸ்ல தனியா பேசினா சில இடத்துல இன்டர்வியூ, சின்ன டெஸ்ட்னு வேற வழி குடுப்பாங்க, கேக்கலன்னா யாரும் தானா சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ் டெஸ்ட் இன்னொண்ணு. ஐஈஎல்டிஎஸ் ஒரு தடவை எழுத ஏறத்தாழ 200 பவுண்ட், அதாவது நாலு வாரச் சாப்பாட்டுக் காசு, ஃபெயில் ஆனா மறுபடியும் நாலு வாரம். சில யூனிவர்சிட்டி தன்னோட சொந்த டெஸ்ட்டை ஃப்ரீயா வைக்கும், அதையும் முதல்லயே கேளுங்க. 19 வயசு தாண்டினவங்க, கேஸ் போட்டு ஆறு மாசம் ஆகியும் முடிவு வரலன்னா லோக்கல் காலேஜ்ல அரசாங்கக் காசுல இங்கிலீஷ் கிளாஸ் சேர முடியும், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

ஃபார்ம்ல ஒரு கட்டுரை கேப்பாங்க, உங்க வாழ்க்கைல இடப்பெயர்வு எப்படி பாதிச்சுது, ஏன் இந்தப் படிப்புன்னு. இது எனக்குப் பிடிக்காத பகுதி. ஏற்கனவே ஹோம் ஆபீஸ்ல ஒரு தடவை, லோயர் கிட்ட ஒரு தடவை, டாக்டர் கிட்ட ஒரு தடவை சொன்ன கதைய மறுபடியும் யார்னே தெரியாத ஒரு கமிட்டிக்காக அழகா எழுதணும், யாரோட கஷ்டம் பெருசுன்னு போட்டி மாதிரி ஆயிடுது. நல்ல இடங்கள்ல இப்ப படிப்பைப் பத்தி மட்டும் எழுதுங்க, கஷ்டத்தைப் பத்தி எழுதணும்னு அவசியம் இல்லன்னு போடறாங்க. எழுதறதா இருந்தா ஒண்ணு, அசைலம் இன்டர்வியூல சொன்ன தேதி, ஊர் பேரு, நடந்த வரிசை இதுல எதுவும் மாறாம எழுதுங்க, முடிஞ்சா அனுப்பறதுக்கு முன்னாடி லோயர் கிட்ட காட்டுங்க.

நடுவுல முடிவு வந்துட்டா? நல்ல முடிவா இருந்தா சந்தோஷம்தான், ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ், அதாவது அரசாங்க லோன் கதவு திறக்கும். ஆனா ஹோம் ஆபீஸ் வீட்டை ஒரு கெடுவுக்குள்ள காலி பண்ணணும், ரொம்ப காலமா அது 28 நாள். 2024 டிசம்பர்ல அதை 56 நாளா சோதனைக்கு ஆக்கினாங்க, 2025 செப்டம்பர்ல தனி ஆளுங்களுக்குத் திரும்ப 28 ஆக்கிட்டாங்க. மே மாசம் பரீட்சை நடக்கறப்ப ஸ்டேட்டஸ் வந்தவரோட நிலைமைய நினைச்சுப் பாருங்க, காலைல எக்ஸாம் ஹால், மத்தியானம் கவுன்சில் ஆபீஸ் க்யூ, சாயங்காலம் ரூம் தேடல், லோன் காசு வர இன்னும் செப்டம்பர் ஆகணும். ரிஜெக்ட் ஆயிட்டா அப்பீல் ஓடற வரைக்கும் சில யூனிவர்சிட்டி ஸ்காலர்ஷிப்பைத் தொடரும், சிலது நிறுத்திடும், அதுவும் கீழ இருக்கற அந்தச் சின்ன வரிகள்லதான் இருக்கும்.

அகதி ஸ்டேட்டஸும் இல்லாம, அசைலம் கேஸும் இல்லாம நடுவுல தொங்கறவங்களுக்கு ஒரு கோர்ட் கேஸ் முக்கியம். ஜாம்பியால பொறந்து 2001ல ஆறு வயசுல இங்க வந்த பியூரிஷ் டிகெரேங்கற பொண்ணு, ஸ்கூல்ல நல்லா படிச்சு ஆஃபர் வாங்கியும் லோன் குடுக்கலன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2015 ஜூலைல ஜெயிச்சுது. அதுக்கப்பறம்தான் லாங் ரெசிடென்ஸ்னு ஒரு ரூல் வந்துச்சு: 18 வயசுக்குக் கீழன்னா ஏழு வருஷம் இங்க இருந்திருக்கணும், அதுக்கு மேலன்னா வாழ்க்கைல பாதியாவது, இல்ல 20 வருஷம், கூடவே கடைசி மூணு வருஷம் முறையான அனுமதியோட. தமிழ் குடும்பங்கள்ல 30 மாசம் 30 மாசமா தங்கற அனுமதிய (லீவ்ம்பாங்க) புதுப்பிச்சிட்டு இருக்கற பிள்ளைகளுக்கு இது பொருந்தலாம், ஸ்காலர்ஷிப்புக்கு அலையறதுக்கு முன்னாடி இதைச் சரிபாருங்க, லோன் கிடைக்கறவங்க லோனை எடுத்துக்கிட்டா அந்த ஒரு சீட்டு வேற வழியே இல்லாதவங்களுக்குப் போகும்.

அரசாங்கம் நினைச்சா எவ்வளவு சீக்கிரம் ரூலை மாத்தலாம்ங்கறதுக்கு உக்ரைன் போதும். 2022ல போர் ஆரம்பிச்சு விசா திட்டம் போட்ட அந்த வருஷமே, அதுல வந்தவங்களுக்கு ஹோம் ஃபீஸும் லோனும் உண்டுன்னு சொல்லிட்டாங்க. நல்ல விஷயம், ஆனா அதே கிளாஸ்ல உக்கார வேண்டிய சூடான் பொண்ணுக்கும் எரித்ரியா பையனுக்கும் இன்னும் பழைய ரூல். காஸால இருந்து 2025ல பிரிட்டிஷ் ஸ்காலர்ஷிப் கிடைச்சவங்க நிலைமை இன்னொரு மாதிரி, எல்லாம் கையில இருந்தும் கைரேகை குடுக்க அங்க விசா சென்டர் இல்லாம மாசக்கணக்கா மாட்டிட்டு இருந்தாங்க, அரசாங்கம் தலையிட்ட பிறகுதான் செப்டம்பர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வர முடிஞ்சுது. உலக அளவுல 2019 வாக்குல அகதிகள்ல யூனிவர்சிட்டி போனது 1 சதவீதம்தான், இப்ப 7 தாண்டியிருக்கு, 2030க்குள்ள 15 ஆக்கணும்னு ஐ.நா. அகதிகள் அமைப்போட இலக்கு.

கடைசியா, 2025 நவம்பர்ல உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் அறிவிச்ச மாற்றத்தைப் பத்தி. அதன்படி அகதி ஸ்டேட்டஸே ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை ஆகும், நிரந்தரமா தங்க 20 வருஷம் வரைக்கும் ஆகலாம், படிக்கறவங்க, வேலை பாக்கறவங்க வேற ரூட்டுக்கு மாறிக்கலாம்னும் அதுல இருக்கு. சாதாரண டிகிரி மூணு வருஷம், ஸ்டேட்டஸ் ரெண்டரை வருஷம். கடைசி வருஷம் ப்ராஜெக்ட் பண்ணிட்டு இருக்கறப்ப மறுபரிசீலனை லெட்டர் வரும்னு அர்த்தம். அதனால இனிமே ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல பேசறவங்க ஃபீஸ், பஸ் பாஸ், ஹாஸ்டலோட சேத்து இன்னொண்ணும் கேளுங்க: நடுவுல என் ஸ்டேட்டஸ் மாறினா ஸ்காலர்ஷிப் தொடருமா, அதை ஆஃபர் லெட்டர்லயே எழுதித் தருவீங்களா.